கிருமி காத்த வீழிநாதர்

மூளைக்காய்ச்சலில் கிடந்த பூக்கட்டும் தைலம்மையின் முதுகுத்தண்டில் எடுத்த நீரை ஐஸ் பெட்டியில் வைத்துக் கெடுத்தவன் அடியேன்தான். அதிலுள்ள கிருமி குளிர் தாங்காது, மடியிலேயே வைத்து எடுத்து வாருங்கள் என்று பரிசோதனைக்கூடத்து அம்மா, மாதிரி கொண்டுபோகும் எனக்கும் வீழிநாதருக்கும் சொல்லியிருந்தார். ஆனாலும் வீழிநாதரைவிட ஒரு படி மேலே போய்ப் பேர் வாங்கும் ஆசையில், மீன்கடையில் கெஞ்சி ஐஸ் வாங்கி நிரப்பினேன். கிருமி செத்தது. தைலம்மைக்கோ கொடுத்த மருந்து கேட்கவில்லை. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரிய, அது உயிரோடு போய்ச் சேர வேண்டும். மறுபடி அவர் முதுகில் ஊசி இறங்கியது. இம்முறை குப்பியை வீழிநாதரிடம் கொடுத்தார்கள்.

வீழிநாதர் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து சளி, சீழ் என்று பிறர் முகம் சுளிக்கும் மாதிரிகளைப் பஸ்ஸில் மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுசெல்பவர். அதிகாலையில் கோயில் வாசலில் வாடிய பூக்களைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த வாரத்திலும் அந்த வாசல் சுத்தமாகவே இருந்தது. பஸ்ஸில் குப்பியை அணைத்தபடி பதிகம் முணுமுணுப்பார்.

"கிருமிக்குமா தேவாரம்?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் அடியேன்.

"அதுவும் அவன் படைச்ச உயிர்தானேப்பா. கொல்றதுக்கு டாக்டர் இருக்காரு. பத்திரமாக் கூட்டிட்டுப் போறதுதான் நம்ம வேலை" என்றார் வீழிநாதர்.

அவர் கொண்டுபோன கிருமிகள் எல்லாம் பரிசோதனைக்கூடத்தில் உயிரோடு முளைக்கும். அடியேனும் அதே வேலைக்காரன்தான். போதாததற்குச் சுவாமி பல்லக்கின் முன்தண்டு எங்கள் குடும்பத்து உரிமை. தோள் காய்த்துப்போயிருக்கிறது. ஒரு நாளாவது சுவாமி என் பக்கம் திரும்பியிருப்பாரா? வயிறு எரிந்தது.

தைலம்மையின் குப்பி புறப்பட்ட அன்று சுவாமி புறப்பாடு. பஸ் நிலையத்துக்குப் போகும் சந்தில் பல்லக்கு நுழைந்துவிட்டது. சுவாமிக்கு எதிரே யாரும் போகக் கூடாது. சுவாமியும் யாருக்கும் வழிவிட்டதில்லை. அது எங்கள் ஊர் வழக்கம். எதிரே வந்த வீழிநாதர் சட்டைக்குள் குப்பியை வைத்து, இரு கைகளாலும் நெஞ்சை அணைத்தபடி நின்றுவிட்டார்.

"சாமி வர்றப்போ கும்பிடக்கூடத் தெரியாதாய்யா?" என்றது ஒரு குரல்.

வீழிநாதர் பல்லக்கை நிமிர்ந்து பார்த்தார். "அப்பனே, கை காலியில்ல. கோவிச்சுக்காத."

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. இந்தக் கிருமியும் சாகட்டும், அப்போது நானும் அவரும் ஒன்றாகிவிடுவோம் என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த கணம் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். பல்லக்கு ஆடியது, வளையல் கடைப் படியை உரசிக்கொண்டு இடப்பக்கம் ஒதுங்கியது. பின்னால் தூக்கியவர்கள் தள்ளியிருப்பார்கள். ஓர் ஆள் நுழையுமளவு வழி பிறந்தது. வீழிநாதர் ஓடினார். சுவாமியே வழிவிட்டார் என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கிருமி முளைத்தது. மருந்து தெரிந்தது. தேறி வந்த தைலம்மை கட்டிய முதல் மாலையைச் சுவாமிக்குச் சாத்தி, பிறகு அதை வீழிநாதர் கழுத்தில் போட்டார் குருக்கள். வாடிய பூவையே அள்ளிப் பழகிய அந்தக் கைகள் வாடாத பூவைத் தொடக் கூசின. கண்ணுக்குத் தெரியாத உயிரையும் நெஞ்சுச் சூட்டில் காத்த அடியாரை ஊரே வணங்கிற்று. அடியேனும் வணங்கினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லாரும் போனபின் குருக்களைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் எல்லாம் அவன் செயல் என்று மழுப்புகிறார்கள்.

"சாமி அவருக்கு வழிவிட்டார், சரி. இத்தனை வருஷமாச் சுமக்கிறேனே, எனக்கு என்ன செஞ்சார் சாமி?"

குருக்கள் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார்.

"முன்தண்டு யார் தோள்ல இருந்தது?"

"என் தோள்லதான்."

"முன்னாடி இருக்கிறவன் திரும்பாம பல்லக்கு திரும்புமாடா? வழிவிட்டது சுவாமி. கால் உன்னோடது."