அப்புறம் என்றொரு வார்த்தை

இந்தக் கதையில் சீடர் குருவைவிட மூத்தவர். பல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர், பெயர் எஸ்கோ. குரு காங்கேயத்துப் பக்கம் பிறந்த கோகிலவாணி. பின்லாந்தின் வடக்கே, கடலே உறைந்துபோகிற ஓர் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் தமிழ் வாத்தியார். மாணவர் ஒரே ஒருவர்.

அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முளைத்து மூணு இலை விடாத பிள்ளை தலைமையாசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். வாணிக்கு அப்பா வயசுக்காரரைப் பெயர் சொல்ல நா எழவில்லை. 'எஸ்கோ சார்' என்றாள். அவர் அவளை 'டீச்சர்' என்றார். அது ஒன்றுதான் அவர் பிசகில்லாமல் சொன்ன முதல் வார்த்தை.

மற்றபடி இருவரும் பேசிக்கொண்டது இங்கிலீஷில். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"எதுக்கு சார் தமிழ்?" என்று முதல் நாள் கேட்டாள்.

"என் மகள் ஹன்னா கோயம்புத்தூரில் இருக்கிறாள். அங்கேயே கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை."

"ஏன்?"

"அந்த மாதம் நோயாளிகள் அதிகம். பிறகு போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன்."

அவரே தொடர்ந்தார்.

"ஒரு பேத்தி. நிறைமதி. ஆறு வயது. பள்ளிக்கூட இங்கிலீஷில் பழமும் நிறமும் சொல்வாளாம், பேச்செல்லாம் தமிழ்தான். அவளோடு பேச வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். 'அவளோடு பேசணும்னா அவள் பாஷையில் பேசிக்கோங்க, எனக்கும் உங்களுக்கும் பேச ஒன்றும் இல்லை' என்று பதில் எழுதிவிட்டாள் மகள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளையிடம் போனைக் கொடுப்பாள். பிள்ளை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறதோ அவ்வளவு நேரம்தான் எனக்கு."

"அவ்வளவுதானே? பழகிடும் சார். பேச ஆரம்பிச்சா வந்துடும்."

"எனக்குப் பேச்சு வராது டீச்சர். என் காலமெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவர்களோடு பேசினேன். ஒருத்தரும் பதில் சொன்னதில்லை."

வாணிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அப்படித்தான் பாடம் ஆரம்பித்தது. எஸ்கோ எழுதிக்கொள்ள மாட்டார். காதால் பிடித்துக்கொள்வார். வாணி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டே சொல்வாள்; அவர் மேஜையில் கைகளைக் கோத்தபடி அதையே முணுமுணுப்பார்.

மார்கழி, தையில் அங்கே பகல் என்பது பேருக்குத்தான். மத்தியானம் டீ குடிக்கும்போதே விளக்குப் போட வேண்டும். காலையில் உள்ளே ஒன்று, அதன்மேல் ஒன்று, அதற்கும்மேல் ஒன்று என்று உடுத்தி முடிப்பதற்குள் பாதித் தெம்பு போய்விடும். வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் ஆணிப்பட்டை மாட்டி, தெருவில் வாத்து மாதிரி நடந்து பள்ளிக்கூடம் போனால், வகுப்பில் கேள்வி கேட்டால் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்காது. தெரியாமல் இல்லை. அவசரம் இல்லை. பேசாமல் இருப்பது அங்கே மரியாதைக் குறைவும் இல்லை. வந்த புதிதில் வாணிக்கு அது மூச்சு முட்டியது. பிறகு பழகிவிட்டது, பழகியதோடு நிற்காமல் பிடித்தும் போயிற்று.

எஸ்கோ பாடத்துக்கு வருகிற நேரம் காங்கேயத்தில் விளக்கு வைக்கிற நேரம். அப்பா அப்போதுதான் கூப்பிடுவார். அம்மா போன பிறகு காங்கேயத்து வீட்டில் அவர் ஒற்றை ஆள். கை மாவும் ஈரமுமாக இருப்பதால் வாணி போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். எஸ்கோ தலையைக் குனிந்து டீயைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்கக் கூடாது என்றுதான் நினைப்பார். காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

"கண்ணு, சாப்டயா?"

"ஆச்சுங்ப்பா."

"அங்க குளுரு எப்புடி?"

"அப்படியேதானுங்ப்பா இருக்குது."

"இங்க கெணத்து மேட்டுல தென்ன ஒண்ணு சாஞ்சுபோச்சு. நம்ம பழனாத்தா பேரனுக்குப் பொண்ணுப் பாத்திருக்கறாங்க."

"செரிங்ப்பா."

"அப்புறம் கண்ணு?"

"அப்புறம் பேசறனுங்ப்பா. ஆளு வந்திருக்கறாங்க."

போன் நின்றுவிடும். இது சனிக்கிழமைக் கதை. மற்ற நாளில் ஆள் வந்திருக்க மாட்டார்கள். திருத்த வேண்டிய தாள் இருக்கும், பிடிக்க வேண்டிய பஸ் இருக்கும், ஒன்றும் இல்லாவிட்டால் தூக்கம் இருக்கும். அப்பாமேல் பாசம் இல்லாமல் இல்லை. அப்பா எங்கே போய்விடப் போகிறார் என்கிற தைரியம்தான்.

ஒருமுறை மட்டும் பேச்சு கொஞ்சம் நீண்டது. "இந்த ஊர்ல பாத்தாலும் மொய், கெளம்புனாலும் மொய் மொய்னு சொல்றாங்கப்பா" என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கல்யாணமே இல்லாம தெனமும் மொய்யா? நல்ல ஊருதான் போ! அப்புறம்?" என்றார். பாத்திரத்தில் பால் பொங்கியது. "அப்புறம் பேசறனுங்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

எஸ்கோவின் ஞாயிற்றுக்கிழமைகள் சொல்லும்படி இல்லை. தயார் பண்ணிக்கொண்ட வாக்கியங்களை வரிசையாகச் சொல்வார். 'நான் உன் தாத்தா. இங்கே பனி பெய்கிறது. நீ பல் துலக்கினாயா?' பிள்ளை 'ம்' என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். போன் எங்கேயோ கட்டில்மேல் கிடக்கும். மின்விசிறிச் சத்தத்தை மட்டும் அவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். மகள் வந்து எடுத்து, ஒன்றும் சொல்லாமல் நிறுத்துவாள்.

"இன்னும் பத்து வாக்கியம் கொடுங்கள் டீச்சர்" என்பார்.

வாணி கொடுப்பாள். அதுவும் தீர்ந்துபோகும்.

தை பாதியில் ஒரு சனிக்கிழமை. எஸ்கோ வந்து கோட்டைக் கழற்றினார். தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. குளிரால் மட்டும் இல்லை.

"டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். விடைபெறுகிற வார்த்தையைச் சொன்னேன். பிள்ளை போகவே இல்லை. நான் எங்கே தப்புப் பண்ணினேன்?"

"என்ன சொன்னீங்க சார்?"

"வாக்கியம் எல்லாம் தீர்ந்துவிட்டது. அவளாக ஓடிப்போவதற்கு முன்னால் நானே மரியாதையாக முடித்துக்கொள்ளலாம் என்று 'அப்புறம்' என்று சொன்னேன்."

வாணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவள் போகவில்லை. பல் விழுந்துவிட்டது என்றாள். பல் என்கிற வார்த்தை எனக்குத் தெரியும். அதை ஓட்டுமேல் எறிந்தாளாம். ஓட்டுமேல் எதற்கு எறிந்தாள் என்று புரியவில்லை. மறுபடி 'அப்புறம்' என்றேன். முருங்கை மரத்தில் மயில் வந்து உட்கார்ந்ததாம். நான் கொஞ்சம் அழுத்தமாக 'அப்புறம்!' என்றேன். டீச்சர், அவள் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள்."

வாணி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எஸ்கோ பொறுமையாகக் காத்திருந்தார்.

"சோறு ஆறுகிறது என்று ஹன்னா வந்து போனை வாங்கினாள். வாங்கியவள் நிறுத்தவில்லை. 'அப்பா, உங்களுக்கு இவ்வளவு தமிழ் புரியுமா?' என்று எங்கள் பாஷையில் கேட்டாள். அவள் குரலைக் கேட்டு எத்தனை வருஷமோ ஆயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயில் அந்த வார்த்தைதான் வந்தது. 'அப்புறம்' என்றேன்."

"அவங்க?"

"அப்போதும் போனை வைக்கவில்லை. பிறகு, பிள்ளைக்கு என் மோவாய் என்று சொன்னாள். அடுத்த வாரம் நிறையப் பேசலாம் என்றாள்."

தொப்பி தலையில் இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

"உங்களுக்கு அது போய்வரேன்னு அர்த்தம்னு யார் சொன்னது சார்? நான் சொல்லிக்கொடுக்கலையே."

"நீங்கள்தான். 'போய்வருகிறேன்' என்று பாடத்தில் சொன்னீர்கள். போனில் நான் எங்கே போகிறேன், வருவதற்கு? அதனால் நீங்களும் உங்கள் அப்பாவும் சொல்வதைப் பிடித்துக்கொண்டேன். அவர் 'அப்புறம்' என்பார். நீங்களும் 'அப்புறம்' என்பீர்கள். போன் நின்றுவிடும். எங்கள் 'மொய் மொய்' போல என்று நினைத்தேன்."

வாணியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

டீச்சர் ஆயிற்றே. கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொன்னாள்.

"அதுக்கு ரெண்டு அர்த்தம் சார். 'பிறகு பார்த்துக்கலாம், இப்போ விடு'ன்னு ஒண்ணு. 'மேலே சொல்லு, கேட்டுட்டிருக்கேன்'னு ஒண்ணு. நீங்க பிள்ளைகிட்டச் சொன்னது ரெண்டாவது."

எஸ்கோ இரண்டையும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்படியானால் உங்கள் அப்பா சொன்னது…"

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, ஒன்றும் தெரியாத இருட்டில் எதையோ பார்ப்பதுபோல் உட்கார்ந்துவிட்டார். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த நாகரிகம் உண்டு.

வாணிக்கு அன்று அப்பா கூப்பிடவில்லை என்பது உறைத்தது. இப்போதெல்லாம் வாரம் ஒருமுறைதான்; போன வாரம் கூப்பிட்டார். 'நல்லா இருக்கறயா? செரி, வெச்சறட்டா?' என்று அவரே வைத்துவிட்டார். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். தென்னையும் இல்லை, பழனாத்தா பேரனும் இல்லை. கடைசியாக எப்போது 'அப்புறம் கண்ணு?' என்று கேட்டார் என்று நினைத்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. அப்பாவும் ஒருவழியாகப் பழகிவிட்டார் என்று அவள் நிம்மதியாக அல்லவா இருந்தாள்! நினைக்க நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சர்க்கரை டப்பாமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். எஸ்கோ எழுந்து வெளியே போகப் பார்த்தார்.

"இருங்க சார். இதுவும் பாடம்தான்."

மணி வெகுநேரம் அடித்தது.

"கண்ணு? என்ன நீயாக் கூப்புடறே? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லீங்ப்பா. சும்மாத்தானுங்."

"பள்ளிக்கூடத்துல ஏதாச்சுமா?"

"இல்லீங்ப்பா. சும்மா பேசலாம்னு."

"ஓ" என்றார் அப்பா.

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. உட்கார்ந்திருக்கிறார்.

"சாப்டீங்ளாப்பா?"

"ஆச்சு."

"என்ன சாப்டீங்க?"

"என்னமோ ஆச்சு கண்ணு."

"பழனாத்தா பேரன் கல்யாணம் எப்பங்ப்பா?"

"அது முடிஞ்சு ரெண்டு மாசமாச்சே."

வாணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தைப் பற்றி அப்பா சொல்லவில்லையா, சொல்ல வந்தபோது அவள் வைத்துவிட்டாளா, தெரியவில்லை. கண் கலங்கிற்று. கலங்கினால் கலங்கட்டும். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள். அவரும் ஒன்றும் பேசவில்லை. முன்னெல்லாம் அந்த இடத்தில் அவர்தான் அந்த வார்த்தையைப் போடுவார்.

இந்தத் தடவை அவள் போட்டாள்.

"அப்புறம்ங்ப்பா?"

"செரி கண்ணு, செரி" என்றார் அப்பா, அவசர அவசரமாக. "அப்புறம் பேசிக்கலாம். உனக்கு ஆளு வந்திருப்பாங்க. நீ வேலையப் பாரு சாமி."

"இல்லீங்ப்பா, நான்…"

போன் நின்றுவிட்டது.

அடுப்பில் டீ சுண்டிக்கொண்டிருந்தது. எஸ்கோ போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. நல்ல மாணவர், புரியாததை விட மாட்டார்.

"டீச்சர், நீங்கள் இரண்டாவது அப்புறத்தைத்தானே சொன்னீர்கள்?"

"ஆமா சார்."

"அவர் ஏன் முதலாவதாக எடுத்துக்கொண்டார்?"

வாணி அணைந்துபோன போனைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது ஒண்ணைத்தான் சார்."