பிரதானி வீட்டில் கரையான் இல்லை

கருங்கோட்டை ராஜாக்களுக்குப் பரம்பரைப் பைத்தியம் ஒன்று இருந்தது. செம்பைத் தங்கமாக்க வேண்டுமாம். அதற்கென்று கோட்டைக்கு வெளியே ஒரு ரசவாதக் கூடம் கட்டி, மூன்று தலைமுறையாகப் பாதரசத்தையும் தாளகப் பாஷாணத்தையும் போட்டுக் காய்ச்சினார்கள். குன்றிமணி அளவு தங்கம்கூட வரவில்லை. வந்ததெல்லாம் மஞ்சள் சாம்பல். அது படிந்த மண்ணில் மேய்ந்த ஆடு அங்கேயே காலை நீட்டியது.

வீரகண்ட பூபதி பட்டத்துக்கு வந்ததும் கூடத்தை இழுத்து மூடினார். "நஞ்சேறிய மண்ணைத் தோண்டி எடுங்கள். தோண்டியது கூடத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. உள்ளேயே பத்திரமாக வையுங்கள்" என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். அதைக் கொண்டுபோய்ப் பிரதானி கனகசபேசர் கையில் கொடுத்தாரே, அங்கேதான் கெட்டது.

கனகசபேசர் பன்னீரில் வாய் கொப்பளிக்கிற மனிதர். மண்ணை ஜாடியில் அடைப்பது, காரைத் தளம் போடுவது, கூரை வேய்வது, காவல் வைப்பது, இந்தத் தலைவலியெல்லாம் அவருக்கு எதற்கு? எல்லைக் கற்களைப் பிடுங்கிக் கோவன்குடி ஊரணிக்கு அந்தப் பக்கம் நட்டார். ஊரணிக் கரையிலேயே மண்ணைக் குவித்தார். மண் எல்லையைத் தாண்டவில்லை பாருங்கள். எல்லைதான் எழுந்து நடந்துவிட்டது!

ஒரு மழை பெய்தது. கோவன்குடி சடைச்சியின் எருமை ஊரணியில் வாய் வைத்துவிட்டுக் கரையிலேயே சாய்ந்தது. அதன் கழுத்து மணியை எடுத்துக்கொண்டு அவள் நேரே மாடக்கண்ணுவிடம் வந்தாள்.

மாடக்கண்ணு ராஜாவின் சபையில் இடம் பெறுமுன் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியே வயிறு வளர்த்தவர். பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, ஏமாந்து படித்தது ஏராளம். கோபமோ மூக்கு நுனியில் நிற்கும்.

"அண்ணாச்சி, எருமை போனா போகட்டும். நாளைக்கு அந்தத் தண்ணியத்தானே எங்க பிள்ளைக குடிக்கணும்?" என்றாள் சடைச்சி.

மாடக்கண்ணு மணியைக் கொண்டுபோய்ச் சபை நடுவே டணங்கென்று போட்டார். "மகாராஜா, எல்லைக்குள்ளே வைக்கச் சொன்னீங்க. இவர் ஊரணியில கொட்டியிருக்கார்!"

பிரதானி பல் தெரியாமல் சிரித்தார். "கொட்டியது வெறும் மண், தரகனாரே. எல்லை என்பது என்ன? கூடத்து மண் எங்கே கிடக்கிறதோ, அங்கேவரை கூடம்தான். எங்கே மீறினேன்?"

ராஜாவுக்கு அது பெரிய சாஸ்திரமாகப் பட்டது. அப்படியே எழுதச் சொல்லி முத்திரையும் வைத்துவிட்டார். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் முத்திரை மோதிரத்தை மாட்டுவார்கள் போலிருக்கிறது.

மாடக்கண்ணு பொங்கினார். "சந்தையில நொண்டி மாட்டை விக்கிறவன்கூட இவ்வளவு கூசாமப் பேச மாட்டான்!"

"போதும்" என்றார் ராஜா. "உமக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால், இந்த உத்தரவை மீறாமல், ஒரு கல்லைக்கூடப் பின்னுக்கு நகர்த்தாமல், நாளைப் பொழுது சாய்வதற்குள் அந்தக் குவியலை ஊரணியைவிட்டு அகற்றும். முடியாவிட்டால் துண்டை எடுத்துக்கொண்டு சந்தைக்கே போய்விடும்."

சபை இளித்தது. மாடக்கண்ணு கோபத்தை மென்று விழுங்கினார். சந்தையில் கோபத்தைக் காட்டினவன் கிழட்டு மாட்டோடுதான் வீடு திரும்புவான். விற்கிறவன் வாயாலேயே மாட்டின் கெட்ட சுழியைச் சொல்ல வைக்கிறவன்தான் தரகன்.

"சரி, நான் தோத்தேன்னே வையுங்க" என்றார், குரலை இறக்கி. "பிரதானியாரே, சந்தைக்குப் போனா ஒரு குடிசை போடணும். எங்க தெருவுல ஒரே கரையான். உங்க மாளிகையில மட்டும் ஒரு தூணைக்கூடக் கரையான் தொடலையாமே? அது என்ன மாயம்?"

பிரதானிக்குப் புகழ்ச்சி என்றால் கற்கண்டு. "மாயமா? புத்தி ஐயா, புத்தி! அஸ்திவாரம் முழுக்கக் கூடத்து மஞ்சள் சாம்பல் மண்ணைப் போட்டு நிரப்பினேன். முற்றத்திலும் அதுதான். இனாமாக வந்தது. கரையான் என்ன, எறும்புகூட எட்டிப் பார்க்காது!"

"மகாராஜா கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் மாடக்கண்ணு. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை. பிரதானி உச்சந்தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருக்கிறார். வாசலில் வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால், ஈரம் தெளித்துப் பாய் போட்டு மூடின வண்டிகள் தெருக்கோடிவரை நிற்கின்றன. முதல் வண்டியின் மேல் மாடக்கண்ணு. பக்கத்தில் சடைச்சி.

"கதவை அகலத் திறங்க பிரதானியாரே, சரக்கு வந்திருக்கு!"

பிரதானி போட்ட கூச்சலில் ராஜாவே பல்லக்கேறி வந்துவிட்டார்.

"மகாராஜா! நஞ்சைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தியிருக்கிறான்! என் பேரப்பிள்ளைகள் விளையாடுகிற இடம்!"

"நேத்து வெறும் மண்ணுன்னீங்களே" என்றாள் சடைச்சி. "எங்க பிள்ளைகளுக்கு மண்ணு, உங்க பேரனுக்கு மட்டும் நஞ்சா?"

"இது என் வீடு! கூடம் இல்லை!"

"கூடத்து மண் எங்கே கிடக்குதோ, அங்கேவரை கூடம்தான்" என்றார் மாடக்கண்ணு. "உங்க வார்த்தை, மகாராஜா முத்திரை. நீங்க இத்தனை வருஷமும் கூடத்துக்குள்ளேதான் சாப்பிட்டுத் தூங்கியிருக்கீங்க. ஒரு கல்லையும் நான் தொடலை."

"வருகிற வழி? நடுவில் எல்லையைத் தாண்டித்தானே வந்தாய்?"

"வண்டிக்குள்ளே கிடக்கிறதும் கூடத்து மண்தானே? அப்ப வண்டியும் கூடம்தான். உங்க கூடம் மாடு பூட்டி வந்திருக்குது, ஐயா!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரதானி எண்ணெய்த் தலையோடு அவர் காலில் விழுந்தார். "அந்த உத்தரவைக் கிழித்துவிடுங்கள் மகாராஜா! கல்லைப் பழைய இடத்திலேயே நடுகிறேன். ஜாடியில் அடைக்கிறேன், காரைத் தளம் போடுகிறேன், கூரை, காவல் எல்லாம் செய்கிறேன்!" பார்த்தீர்களா, எல்லாம் தெரிந்த மனிதர்தான்.

ராஜா உத்தரவைக் கிழித்தார். வண்டிகள் பழைய கூடத்துக்கே திரும்பின. ஊரணியை இறைத்துத் தூர்வாரும்வரை கோவன்குடிக்கு அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர் போகும் என்றும், சடைச்சிக்குப் பிரதானியின் தொழுவத்திலிருந்து அவள் கை காட்டுகிற எருமை என்றும் ஆயிற்று.

"மாடக்கண்ணு, உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்றார் ராஜா.

"ரெண்டு மண்வெட்டி போதும், மகாராஜா."

"மண்வெட்டியா? எதற்கு?"

"நஞ்சேறிய மண்ணையெல்லாம் தோண்டி எடுக்கணும்னு உங்க முதல் உத்தரவு, அதை யாரும் கிழிக்கலையே" என்று மாடக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டினார். "பிரதானியாரே, அஸ்திவாரத்தை எந்த மூலையிலேருந்து தோண்டட்டும்?"