ஆலாவின் அலகு சிவந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே மொழி பேசிய நாட்களில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே நடுக்கடலில் ஒரு சின்னத் தீவு இருந்தது. அங்கே மரம் கிடையாது. புல்லும் கூழாங்கல்லும் ஓயாத காற்றும்தான். கோடை பிறந்ததும் ஆலாப் பறவைகள் உலகத்தின் தென்கோடியிலிருந்து பறந்து வந்து, அந்தக் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டைகளும் புள்ளி விழுந்த கற்களைப் போலவே இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் மோரக் என்றொரு ஆலா இருந்தாள். மகா சாது. டோர்மோட் என்ற படகுக்காரன் பறவை பார்க்க ஆட்களை ஏற்றி வரும்போதெல்லாம், "பாறை மேலே உட்கார்ந்து நன்றாகப் பாருங்கள், கீழே மட்டும் இறங்காதீர்கள்" என்பாள். "இறங்க விடமாட்டேன், இது என் வாக்கு" என்று டோர்மோடும் சொல்லியிருந்தான்.

அந்த வருடம் மோரக் இட்ட இரண்டு முட்டைகளில் ஒன்றைப் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று.

ஒருநாள் படகு நிறைய ஆட்கள் வந்தார்கள். "இங்கிருந்து சரியாகத் தெரியவில்லையே" என்று முணுமுணுத்தார்கள். டோர்மோட் கொஞ்சம் யோசித்தான். பிறகு அவனே முதலில் பாறையிலிருந்து இறங்கினான்.

"நில்லுங்கள்! காலடியில் பாருங்கள்!" என்று மோரக் கதறினாள்.

"அடடா, என்ன அழகாகப் பேசுகிறது!" என்று சிரித்துக்கொண்டே அவர்கள் இன்னும் நெருங்கினார்கள்.

டோர்மோடின் பூட்ஸுக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

அவன் குனிந்து பார்த்தான். பூட்ஸைப் புல்லில் துடைத்தான். "கல்லென்று நினைத்துவிட்டேன். அதனாலென்ன, அடுத்த வருடம் இன்னொன்று இட்டுக்கொள்."

"உள்ளே இருந்தவன் நேற்றே ஓட்டைத் தட்டினான். அவன் குரலை நான் கேட்டேன்" என்றாள் மோரக்.

"கத்தாதே. உன்னைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்."

மோரக்குக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. 'இத்தனை நாள் மரியாதையாகப் பேசினேனே, எவன் காதில் ஏறியது?' அவள் விர்ரென்று மேலே எழுந்தாள். அங்கிருந்து கல் விழுவதுபோல விழுந்து, டோர்மோடின் உச்சந்தலையில் கொத்தினாள். அதுவரை கறுப்பாக இருந்த அவள் அலகு ரத்தத்தில் தோய்ந்தது. மறுபடியும் கொத்தினாள். அவளைப் பார்த்து ஆலாக்கூட்டம் முழுவதும் கிளம்பிவிட்டது. வந்தவர்கள் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு படகுக்கு ஓடினார்கள்.

"மோரக், மன்னித்துவிடு!" என்று கடலிலிருந்து டோர்மோட் கத்தினான்.

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியும். சொல்லவில்லை. திரும்பி வந்து, உடைந்த ஓட்டின் மேல் இறகை விரித்து உட்கார்ந்தாள். அது குளிர்ந்துபோயிருந்தது.

அன்று முதல்தான் அந்தத் தீவின் ஆலாவுக்கு அலகு ரத்தச் சிவப்பானது. கரையில் கால்வைப்பவர் யாரானாலும் அது உச்சந்தலையைக் குறிவைத்தே பாய்கிறது. மனிதரோடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.