எல்ஃபுகளுக்கு வைத்த கூழ்

"போதும் அம்மா. முதல் பனி விழுந்ததும் நான் ஊருக்குத் திரும்பறேன்" என்றான் ஐவிந்த்.

அவன் அம்மா என்று அழைத்தது அவனுடைய குரு ராக்னாவை. அவர் நடையை நிறுத்தவில்லை.

"வசந்தத்துல உங்க பின்னாடி கிளம்பினேன். எத்தனை குன்று, எத்தனை பாறை! ஒரு எல்ஃபைக்கூடக் கண்ணால பார்க்கலை."

அந்த வட தேசத்தில் எல்ஃபுகள் என்னும் தேவதைகள் குன்றுகளுக்குள் குடியிருந்தார்கள். சூரியனைவிட அழகானவர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர் யாரும் பார்த்ததில்லை. இலையுதிர் காலம் முடியும்போது வீட்டுக்கு வீடு அவர்களுக்குப் படையல் மட்டும் தவறாமல் நடக்கும்.

"பார்த்து என்ன செய்யப்போறே?" என்றார் ராக்னா. குருவுக்குச் சீடனைவிட வயது குறைவு. அதில் இருவருக்கும் வருத்தமில்லை.

"ஒரு கேள்வி கேட்கணும்."

"என்ன கேள்வி?"

"என் பெண்டாட்டி காய்ச்சல்ல கிடந்தப்போ நானும் படையல் வச்சேன். கூழ், வெண்ணெய், இறைச்சி, ஒண்ணும் குறை வைக்கலை. விடிஞ்சு போய்ப் பார்த்தா வச்சது வச்சபடி இருந்தது. அவ போயிட்டா. ஏன் வரலைன்னு கேட்கணும்."

குன்றடியில் ஒரு ஒற்றை வீடு தெரிந்தது. ராக்னா அதை நோக்கி நடந்தார்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினார்கள். திறக்காமலே உள்ளிருந்து ஒரு பெண் பேசினாள்.

"யாரா இருந்தாலும் மன்னிச்சிடுங்க. இன்னிக்கு எல்ஃபுகளுக்குப் படையல். வெளியாள் வாசப்படி மிதிச்சா அவங்க வரமாட்டாங்க."

"ரொம்பப் பசிக்குது தாயி" என்றான் ஐவிந்த்.

"நாளைக்கு உச்சிவேளைக்கு மேல வாங்க. வயிறாரப் போடறேன். இன்னிக்கு என்னால முடியாது." அவள் குரல் அழுவதுபோல் இருந்தது.

ஐவிந்துக்குக் கோபம் வந்தது. ராக்னா அவனை வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றுக்கு இழுத்துப் போனார். ஒரு பெரிய பாறையின் மறைவில் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். பாறைக்கு முன்னால், வெண்ணெய் மிதக்கும் கூழோடு ஒரு பெரிய மரக்கிண்ணத்தை வைத்தாள். மறுபக்கம் ஆள் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"சாமிகளே, என் புருஷன் கால் ஒடிஞ்சு கிடக்கார். வீட்டுக் கூரை ஒரு பக்கம் சரிஞ்சுபோச்சு. ஆட்டுத்தோலைக் கட்டி மறைச்சு வச்சிருக்கேன். பனி கொட்டினா குழந்தைங்க தாங்காது. இந்தத் தடவையாவது வாங்க."

திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராக்னா பாறையைச் சுற்றி வந்தார். கிண்ணத்தை எடுத்தார். சாப்பிட ஆரம்பித்தார்.

"அம்மா! அது எல்ஃபுகளுக்கு வச்சது!"

"தெரியும். நீயும் உட்காரு. வெண்ணெய் உறைஞ்சா நல்லா இருக்காது."

பசி ஐவிந்தைப் பேசவிடவில்லை. புலம்பிக்கொண்டே சாப்பிட்டான். குருவைவிட அதிகமாகவே சாப்பிட்டான்.

கிண்ணம் காலியானதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "பெரிய பாவம் பண்ணிட்டோம். அவ வேண்டிக்கிட்டது இனிமே யார் காதுல விழும்?"

"உன் காதுல விழலையா?" என்று கேட்டுவிட்டு ராக்னா படுத்துத் தூங்கிப்போனார்.

காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டு ஐவிந்த் விழித்தான். குரு வீட்டோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துவந்து, சரிவில் நின்று புல்லோடு சேர்த்து மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் கூரை வேய்வது அந்தக் கட்டிகளால்தான்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு கட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான்.

வீட்டுக் கூரையில் சரிந்த கழிகளை இருவரும் நிமிர்த்திக் கட்டினார்கள். ராக்னா கீழே நின்று கட்டிகளை எடுத்துக்கொடுக்க, ஐவிந்த் கூரைமேல் ஏறி அடுக்கினான்.

உள்ளே பேச்சு நின்றது. பிறகு அந்தப் பெண்ணின் குரல் நடுங்கிக்கொண்டு கேட்டது. "வந்துட்டாங்க! யாரும் நிமிர்ந்து பார்க்காதீங்க. பார்த்தா போயிடுவாங்க."

பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்கிற குழந்தை எந்தத் தேசத்தில் உண்டு? கடைசி ஓட்டையை மூட ஐவிந்த் குனிந்தபோது, ஆட்டுத்தோல் மெல்ல விலகியது. பரண்மேல் ஏறி நின்ற ஒரு சின்னப் பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்ஃப்!" என்று கிசுகிசுத்தாள்.

ஐவிந்த் சட்டென்று திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

அங்கே வானம்தான் இருந்தது. முதல் பனித்துகள் அவன் புறங்கையில் வந்து விழுந்தது.

"அம்மா கோடையிலிருந்து படைக்கிறாங்க" என்றாள் குழந்தை. அவள் முகத்தில் கோபம் இருந்தது. "ஏன் இத்தனை நாளா வரலை?"

ஐவிந்த் கீழே ராக்னாவைப் பார்த்தான். அவர் அடுத்த கட்டியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

அதை வாங்கிக்கொண்டு, மண் அப்பிய கையால் கண்ணைத் துடைத்தான்.

"வசந்தத்துலயே கிளம்பிட்டேன் கண்ணு" என்றான். "நடந்துதானே வரணும்?"