மாப்பிள்ளை பிடித்த ஒயர்

எங்கள் கொக்கரப்பட்டியில் யோசிக்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. ஒரு விளக்கு எரியவில்லை என்றால்கூட ஊரே கூடி யோசிப்போம்.

என் மகள் செவந்தியின் கல்யாணத்தன்று விடிந்ததும் பார்த்தால், தண்ணீர்த் தொட்டி காலி. தொட்டி காலியானால் மேலேயிருந்து சோலார் ஒயர் வழியாகச் சேதி வரும். மோட்டார் ரூமில் இருக்கும் சிப் அதைக் கேட்டு மோட்டாரை ஓடவிடும். ஆனால் மாற்றி மாற்றிப் போட்டும், சேதியைக் கேட்ட சிப்பெல்லாம் கருகிப் போயிருந்தன. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் போனால் பந்திக்கு என்ன செய்வேன்?

மெக்கானிக் ஜெயசீலனுக்குப் போன் போட்டேன்.

"சிப்புக்கு அஞ்சு வோல்ட்டுக்கு மேல ஆகாதுக்கா. உங்க சோலார் ஒயர்ல ஒரு நேரம் பன்னெண்டு வரும், வெயில் ஏறினா இருபதுகூட வரும். நான் குடுத்த ரெசிஸ்டரை நடுவுல வைங்க. அதிகமா வர்றதை அது தாங்கிக்கும்."

அவர் கொடுத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தோம். சீரகம் அளவுக்கு என்னவோ கிடந்தது. என் அண்ணன் தங்கமுடி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதுவா தாங்கும்? நான் தும்மினாலே பறந்துடும்."

"நல்லாத் தாங்குற ஆளா வச்சா என்னண்ணே?" என்றேன்.

எல்லோரும் மாப்பிள்ளை பூவரசனைப் பார்த்தோம். அவர் உடம்பாலேயே வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கரண்டு சுண்டுமா மாமா?"

"சுண்டினா சொல்லுங்க மாப்ளே. இந்தச் சிப்பு சொல்லாமலே செத்துடுது, அதான் வருத்தம்."

ஒயரை வெட்டி, ஒரு முனையை அவர் இடது கையிலும் மறு முனையை வலது கையிலும் கொடுத்தோம். மோட்டார் ஓடியது! சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

சற்று நேரத்தில் மாப்பிள்ளைக்கு மூக்கு அரித்தது. கையை எடுத்தார். மோட்டார் நின்றது. உடனே மூக்கு சொறிய என் கொழுந்தனாரை நிறுத்தினோம்.

முகூர்த்த நேரம் வந்தது.

"கையை விடுங்க தம்பி, தாலி கட்டணும்" என்றார் ஐயர்.

"விட்டா ரசம் கிடையாது" என்றார் சமையல்காரர்.

பெண்ணை மோட்டார் ரூமுக்கே அழைத்து வந்தோம். மாப்பிள்ளை தாலியைப் பல்லில் கவ்விக் குனிந்தார். கடைசி முடிச்சை மட்டும் போட வந்திருந்த செவந்தியின் நாத்தனார் எல்லா முடிச்சையும் போட்டாள்.

சாப்பிட வந்த ஜெயசீலன் இதைப் பார்த்துவிட்டு, "அடப்பாவிகளா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளையை விடுவித்து, அந்தச் சீரகத்தை ஒயரின் நடுவில் முறுக்கிவிட்டார். மோட்டார் ஓடியது.

"இனிமே ராத்திரி பகலா இதுவே பார்த்துக்கும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளை வேலையைச் செய்கிறது, பட்டினியாகவா நிற்கும்? அதன் எதிரில் தலைவாழை இலை போட்டு, பாயசம் வரைக்கும் பரிமாறினேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் அப்பளம்கூட நொறுங்கவில்லை.

"அண்ணே, ஒரு வாய் சாப்பிடலையே!" என்று பதறினேன்.

அண்ணன் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை முறுக்கு. மோதிரம் போடாம சாப்பிடாது."

உடனே அளவெடுக்க ஆசாரியைக் கூட்டிவர ஆள் அனுப்பினோம்.