நூத்திப் பதிமூணாம் பக்கம்

கூட்டம் அஞ்சு மணிக்கு. நான் நாலு மணிக்கே போயிட்டேன். ஆர்வம்லாம் ஒண்ணும் இல்ல. வீட்ல உக்கார முடியல.

திண்டுக்கல்ல ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியிலதான் எங்க வாசகர் வட்டம் கூடுது. மாசத்துக்கு ஒரு புது நாவல். பன்னெண்டு பேர் படிப்போம், பேசுவோம், சண்டை போடுவோம். அதிகமா சண்டை போடுறது நான். எனக்கு நாவல் படிக்கக் கத்துக்குடுத்தது பிலோமினா அக்கா. ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்குற வேலை. குருன்னு சொன்னா ஊசியோட துரத்துவாங்க. ஆனா அதான் உண்மை.

போன மாசம் படிச்சது சேவுகப்பெருமாள்னு ஒருத்தரோட முதல் நாவல். மனுஷன் நூல் மில்லுல ஃபிட்டர். மில்லு வேலைக்குப் போற ஒரு அம்மா, அவ மக, அவ்வளவுதான் கதை. அதைக் கிழிச்சுத் தொங்கவிட்டு நான் எழுதுன விமர்சனம் போன மாசம் ஒரு சிறுபத்திரிகையில வந்துச்சு.

"தாய் இறக்கும் இடத்தில் இந்த நாவலில் ஒன்றுமே இல்லை. வெறும் காலி. மரணத்தை எழுதத் துணிவில்லாதவர் நாவல் எழுத வந்திருக்கக் கூடாது."

இந்த வரியை வட்டத்துல எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குக் காலு தரையில படல. இன்னைக்கு எழுதுனவரையே கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, அதே கட்டுரையை நான் மைக்ல வாசிக்கணும். அந்த ஆளு முன் வரிசையில உக்காந்திருப்பாரு.

விக்குறதுக்காகப் பதிப்பகத்துலேர்ந்து ஒரு பார்சல் வந்து கிடந்துச்சு. பிரிச்சு மேசையில அடுக்குனேன். ஒண்ணைத் திறந்தேன். அந்த இடத்தை இன்னொரு தடவை பாத்தா கோபம் வரும், கோபம் வந்தா பயம் போகும்னு ஒரு கணக்கு.

நூத்திப் பன்னெண்டாம் பக்கம். அம்மா சூப்பர்வைசர்கிட்ட கத்திட்டு வெளிய வர்றா. எதிர்ப் பக்கம் பாத்தேன். நூத்திப் பதிமூணு.

நான் அதைப் படிச்சதே இல்ல.

பையிலேர்ந்து என் பிரதியை எடுத்தேன். நூத்திப் பன்னெண்டு. அடுத்த பக்கம் நூத்தி இருபத்தொம்பது. அங்க அம்மா போட்டோவுக்கு மாலை போட்டிருக்கு. நடுவுல பதினாறு பக்கம் பைண்டிங்ல விட்டுப்போயிருக்கு.

நின்னுக்கிட்டே படிச்சேன். செத்துப்போன அம்மா தலைமுடியிலேர்ந்து மக பஞ்சை எடுக்குறா. ஒவ்வொண்ணா எடுக்குறா. மூணு பக்கத்துக்கு அது மட்டும்தான். எழுத்துப்பிழைகூட ரெண்டு இருந்துச்சு.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?" பிலோமினா அக்கா படியேறி மூச்சு வாங்கிக்கிட்டே வந்தாங்க.

காட்டுனேன். ரெண்டு புஸ்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க.

"பைண்டிங் பண்ணவன் தப்புக்கா."

"ஆமா."

"பாக்காம அனுப்புன பதிப்பகத்துக்காரன் தப்பு."

"ஆமா."

"இப்ப வர்ற நாவல் எல்லாமே குதிச்சுக் குதிச்சுத்தானே போகுது? பக்க நம்பரை எவ பாத்துட்டிருப்பா?"

"நான் பாக்கல."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எங்க பன்னெண்டு பேரு புஸ்தகமும் ஒரே கட்டுல வந்தது. போன மாசம் அக்கா அந்த இடத்தைத்தான் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுனாங்க. சாவைச் சொல்லாம விட்டான் பாரு, அதான்டி எழுத்துன்னு. அது கோழைத்தனம்னு நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டுனேன். ரெண்டு பேரும் சண்டை போட்டது அச்சகத்துல தவறிப்போன காகிதத்துக்கு.

அக்கா சிரிச்சுட்டாங்க.

"சிரிக்காதீங்கக்கா. இது நமக்குள்ளயே இருக்கட்டும். எனக்குத் தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லிடுங்க. நான் கிளம்புறேன்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு நூத்திப் பதிமூணுலேர்ந்து படிக்க ஆரம்பிச்சாங்க.

"அக்கா, மணி அஞ்சாகப் போகுது."

பக்கத்தைத் திருப்புனாங்க.

"அக்கா, ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க."

திருப்புனாங்க.

பேங்க்ல வேலை பாக்குற ரஃபீக் அண்ணன் உள்ள வந்ததும் வராததுமா, "பிரதீபா, அந்த 'வெறும் காலி'யை நல்லா அழுத்திச் சொல்லணும், என்ன?"ன்னு கட்டை விரலைக் காட்டுனாரு.

அவருக்குப் பின்னாடியே சேவுகப்பெருமாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நகத்துல கிரீஸ். யாரையோ விசாரிச்சுட்டு நேரா என்கிட்ட வந்து கும்பிட்டாரு. எனக்கு இருபத்தொரு வயசு. என்னைப் போய்!

"உங்க கட்டுரையை நாலு தடவை படிச்சேங்க. அந்த அத்தியாயத்துல ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருந்தீங்க. சரிதாங்க. எங்க அம்மா செத்ததை அப்படியே எழுதிட்டேன். எனக்கு அது பெருசு, படிக்கிறவங்களுக்கு என்ன இருக்கு? இப்ப மறுபடி அச்சடிக்கிறாங்க. அந்த அத்தியாயத்தைத் தூக்கிடச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில அச்சுக்குப் போகுது."

"உக்காருங்க சார்"னு மட்டும் சொன்னேன்.

அக்காகிட்ட ஓடுனேன். கடைசிப் பக்கத்துல இருந்தாங்க. கண்ணாடியைக் கழட்டிச் சேலையில துடைச்சாங்க.

"தூக்கிட்டாராம்க்கா. நான் சொன்னேன்னு தூக்கிட்டாராம்."

"கேட்டுச்சு."

"நான் படிக்கவே இல்லன்னு மைக்ல சொல்லணுமா? எல்லாரும் சிரிப்பாங்க."

"அன்னைக்குச் சிரிச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"நீங்களும்தானே உளறுனீங்க! நீங்க போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன். நீ இறங்குனதும் நான்தான்."

என் கையில இருந்த கட்டுரையை வாங்கி நாலா மடிச்சுத் தன் பையில போட்டுக்கிட்டாங்க. புஸ்தகத்தை நூத்திப் பதிமூணுல விரிச்சு என்கிட்ட குடுத்தாங்க.

"விட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு, இந்தப் பதினாறு பக்கத்தையும் வாசி. அவரும் கேக்கட்டும்."

"அப்புறம்? ஒரு கருத்துகூடச் சொல்லாம எப்படிக்கா இறங்குறது?"

"கருத்தா?" அக்கா மைக்கை என் உயரத்துக்கு இறக்கி வெச்சாங்க. "அதைத்தான் போன மாசமே சொல்லிட்டமேடி, நீயும் நானும்."