நுரைக்குள் அகப்பட்ட காற்று

அந்தக் காலத்தில், மரமும் நீரும் காற்றும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு செம்மண் குன்றின் அடியில் குளம் ஒன்று இருந்தது. காற்று அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நீர்த்துளிகளை அள்ளிக்கொண்டு போகும். போனவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. பாதிக் குளம் வற்றிய பிறகு, மிச்சமிருந்த துளிகள் இறுகக் கைகோத்துக்கொண்டன.

அதன் பிறகு காற்றால் ஒரு துளியைக்கூடப் பிடுங்க முடியவில்லை. மற்றவர்களாலும் முடியவில்லை. மான் நாக்கை நீட்டினால் வழுக்கியது. குடத்தை அமிழ்த்தினால் நீர் திருப்பித் தள்ளியது. ஊரார் இலைப்பனியைச் சேர்த்தும் கிழங்கைப் பிழிந்தும் நாளைத் தள்ளினார்கள்.

அந்த ஊரில் மாராயி என்பவளின் கைக்குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. அழக்கூடத் தெம்பில்லை. விடிந்ததும் மாராயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துக்கு ஓடினாள். சேலைத் தலைப்பை நீரில் போட்டாள். அது நனையாமல் மேலேயே கிடந்தது. கையால் அழுத்திப் பார்த்தாள். பயனில்லை.

"கொஞ்சம் கையை விடு தாயே. இந்தத் துணி நனைஞ்சாப் போதும்."

"விட்டால் காற்று எங்களைக் கொண்டுபோய்விடும். உன் பிள்ளையை நீ விடுவாயா?" என்றது நீர்.

மாராயி குழந்தையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள். "நீ சொல்றது நியாயந்தான். ஆனா இவ போயிட்டா நான் யாரைப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்?" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே நின்ற பூந்திக்கொட்டை மரத்துக்கு மனசு கேட்கவில்லை.

"நீரே, முழுவதும் விட வேண்டாம். என் காய்களின் சாறு உங்கள் நடுவே வந்து நிற்கட்டும். அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடி தளரும், அறாது."

"நிச்சயமாக அறாதா?"

"தெரியாது. இதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை."

குழந்தை ஒருமுறை விக்கியது.

"சரி, போடு," என்றது நீர்.

மரம் காய்களை உதிர்த்தது. மாராயி அவற்றைக் கல்லில் நசுக்கி நீரில் கரைத்தாள். துளிகளின் பிடி மெல்லத் தளர்ந்தது. சேலைத் தலைப்பு மடமடவென்று நீரைக் குடித்தது. குழந்தையின் நெற்றியிலும் நெஞ்சிலும் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

இதற்காகவே காத்திருந்த காற்று குன்றிலிருந்து பாய்ந்து துளிகளுக்குள் புகுந்தது. சாறு கலந்த கைகள் நீண்டன, ஆனால் விடவில்லை. மெல்லிய தோலாக விரிந்து காற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டன. காற்று எந்தப் பக்கம் முட்டினாலும் துளிகள் உள்ளே இழுத்தன. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இழுத்ததில் காற்று உருண்டையாகிப்போனது. மாராயி குழந்தையை அணைத்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கள், மூச்சு முட்டுகிறது!" என்று அலறியது காற்று.

"எங்களாலும் ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. கை வலிக்கும்வரை இரு."

கடைசியில் ஒரு கை நழுவியது. பட்டென்று எல்லாக் கைகளும் விட்டுப்போயின. காற்று தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியது. துளிகள் குளத்திலேயே விழுந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்போது குழந்தை கண்ணைத் திறந்து ஓங்கி அழுதாள். மூன்று நாளில் அதுதான் முதல் அழுகை. மாராயியும் சேர்ந்து அழுதாள்.

பயம் தெளிந்த நீர், மான்களுக்கும் குடங்களுக்கும் வழிவிட்டது. சிறு பூச்சி ஒன்று ஏறி நடக்கும் அளவுக்கு மட்டும் பிடியை வைத்துக்கொண்டது. அன்று முதல்தான் பூந்திக்கொட்டை கரைத்த நீரில் துணி சட்டென்று நனைகிறது. அதில் எழும் நுரைக் குமிழி ஒவ்வொன்றும் காற்றை உருண்டையாகப் பிடித்து வைத்திருந்து, கை வலித்ததும் விட்டுவிடுகிறது.